வேப்பங்கொட்டையும் புளியங்கொட்டையும் ஒன்றல்ல: மர விதை சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி, ஆடியில் வேலூர், ஆற்காடு பக்கம் வேப்பம்பழம் உதிர்கிறது. நாவலும் இலுப்பையும் அதே சமயத்தில் பழுக்கின்றன. கொட்டைகளைப் பொறுக்கி, மொட்டை மாடியில் காயவைத்து, டப்பாவில் அடைத்து, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறார்கள் பலர். மழை வந்ததும் விதைக்கிறார்கள்; ஒன்றும் முளைப்பதில்லை. பழி மண்ணின் மேல் விழுகிறது. விதையோ டப்பாவிலேயே செத்துவிட்டது.

புளி, கொன்றை, வாகை போன்றவற்றை நன்றாக உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிர் தாங்கும். நாவல், பலா, மா, இலுப்பை நேர்மாறானவை. ஈரம் வற்றினால் உயிரும் போய்விடும். நாவல் கொட்டை இரண்டு வாரம் தாண்டுவதே அரிது. வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

எண்ணெய்க்கு விற்பதற்காக வெயிலில் காய்ந்த வேப்பங்கொட்டையை விதைக்கென்று வாங்காதீர்கள். தரையில் கிடந்து கருத்த பழமும் வேண்டாம். பச்சை மாறி மஞ்சள் ஏறும்போதே மரத்திலிருந்து பறித்துவிட வேண்டும். பழத்தைச் சாக்கில் கட்டிவைத்தால் சதை புளித்துச் சூடேறும். ஆகவே மறுநாளுக்குள் பிசைந்து, கழுவி, நிழலில் பரப்புங்கள். நான்கைந்து கொட்டையைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறியிருந்தால் அது செக்குக்குத்தான் ஆகும்.

வேம்பு, நாவல், இலுப்பை மூன்றையும் சேமிக்க நினைப்பதே வீண் வேலை என்பேன். வந்த வாரமே நாற்றுப் பையில் ஊன்றிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு நடக் கன்று தயாராகிவிடும். வேப்பங்கொட்டையை விதைப்பந்தாக உருட்டி, வெயிலில் உலர்த்தி, மாதக்கணக்கில் மூட்டையில் வைத்திருந்து மலையில் வீசுவதும் இந்தத் தவறின் விழாக்கால வடிவம்தான். நாவல் கொட்டையைச் சில நாள் வைத்தே தீரவேண்டுமென்றால் ஈர மணலிலோ தென்னை நார்க் கழிவிலோ காற்றோட்டமாக வையுங்கள். காற்றுப் புகாத பாலித்தீன் பையில் மூச்சுமுட்டி அழுகும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரும் அதற்கு ஆகாது.

புளி வகைக்கு விதி வேறு. விதையின் ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை குறையும்போது, ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை அறிவியலில் புழங்கும் கணக்கு. அதனால் அரைகுறையாகக் காய்ந்ததை மூடிவைப்பதுதான் இங்கே பெரிய பிழை. கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் விதையும் உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காயவேண்டும். ஓட்டை விழுந்த விதையைப் பொறுக்கி எறியுங்கள்; வண்டு உள்ளே இருக்கும். இந்த வகையைக் குளிரிலும் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

சாலையோரத்து ஒற்றை மரத்திலேயே எல்லா விதையும் எடுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களில் எடுப்பது நல்லது. காப்புக்காட்டில் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

ஜவ்வாது மலைப் பக்கம் சந்தனம் போடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். புதிதாக எடுத்த சந்தன விதை இரண்டு மாதம் போல உறங்கும். அதற்குள் பொறுமை இழந்து பாத்தியைக் கொத்திவிடாதீர்கள்.