ஒரே ஒரு மெதுவான குவரி: டேட்டாபேஸ் பயிற்சியிலிருந்து மாநாட்டு மேடை வரை

டேட்டாபேஸ் வேலையில் மேலே வர என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் மூன்று விஷயம் சொல்வார்கள். ஒரு கோர்ஸ் முடி, ஒரு போட்டியில் சேர், ஒரு மாநாட்டுக்குப் போ. மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் இரண்டு சான்றிதழும் ஒரு டீ-ஷர்ட்டும் மிஞ்சும், அவ்வளவுதான். ஒரே ஒரு மெதுவான குவரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதையே மூன்று இடத்துக்கும் எடுத்துப் போங்கள் என்பதுதான் என் யோசனை. எனக்கு வேலை செய்த முறை இது. படிப்படியாகச் சொல்கிறேன்.

உங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் இருக்கிறது, ஜாயின், குரூப் பை எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வேறு ஆயிரம் இடத்தில் கிடைக்கும்.

படி 1: பயிற்சி

காசு கொடுத்துப் படிக்கும் முன் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 15-445 பாடத்தைப் பாருங்கள். ஆண்டி பாவ்லோ நடத்தும் டேட்டாபேஸ் வகுப்பு, யூடியூபில் முழுசாக, இலவசமாக இருக்கிறது. எஸ்கியூஎல் சொல்லித்தரும் வகுப்பு இல்லை இது. டேட்டாபேஸ் உள்ளே எப்படி ஓடுகிறது என்று காட்டும் வகுப்பு. முதலில் ஸ்டோரேஜ், இண்டெக்ஸ் (வேண்டிய வரிசையைச் சட்டென்று தேட உதவும் பட்டியல்), ஜாயின், குவரி ஆப்டிமைசர் (குவரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்வது) பற்றிய பகுதிகள் போதும். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

அதன் வீட்டுப்பாடங்கள் பஸ்டப் என்ற சிறிய டேட்டாபேஸை சி++ மொழியில் கட்டிமுடிப்பவை. வெளியாட்களும் செய்யலாம். ஆனால் விடைகளைக் கிட்ஹப்பில் பொதுவில் போடக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ரெஸ்யூமேவுக்கு ஆகும் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

சான்றிதழ் வேண்டுமா? சேவை நிறுவனங்களில் எச்ஆர் வடிகட்டியைத் தாண்ட அது உதவும். மைக்ரோசாஃப்ட்டின் டிபி-900 தொடக்கநிலைத் தேர்வு, மோங்கோடிபியின் இலவசப் பாடங்கள் போல நிறைய இருக்கின்றன. ஒன்று போதும் என்பது என் கருத்து. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கப்போவது "நீங்கள் கடைசியாகச் சரிசெய்த மெதுவான குவரி எது?" என்பதுதான். அதற்குப் பதில் தயார் செய்வோம்.

படி 2: டேட்டாவும் குவரியும்

அலுவலக டேட்டாவைத் தொடாதீர்கள். பிறகு மேடையில் பேசும்போது அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும். டிபிசி-எச் என்ற அளவீட்டுத் தொகுப்பு இருக்கிறது: 8 டேபிள், 22 குவரி, எல்லாம் செயற்கை டேட்டா, யாருடைய ரகசியமும் அதில் இல்லை.

இதன் அதிகாரப்பூர்வக் கருவியான டிபிஜென் உருவாக்கும் கோப்புகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு செங்குத்துக் கோடு கூடுதலாக இருக்கும். போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளை அதைப் பார்த்து, கடைசி நெடுவரிசைக்குப் பிறகும் டேட்டா இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். அதை நீக்க ஸ்கிரிப்ட் எழுதுவது வெட்டிவேலை. டக்டிபியை நிறுவுங்கள். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்த இந்தக் குட்டி டேட்டாபேஸுக்குள் டிபிசி-எச் எக்ஸ்டென்ஷனாகவே கிடைக்கிறது. அதை ஏற்றி, அளவை 0.1 என்று கொடுத்து டிபிஜென்னை அழைத்தால் டேபிள்கள் தயார். டக்டிபியின் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் வழியாக உங்கள் போஸ்ட்கிரெஸை அட்டாச் செய்து அங்கே நேராக எழுதிவிடலாம். கோப்பே வேண்டாம். முடிந்ததும், டேபிள்களின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையைப் போஸ்ட்கிரெஸில் ஓட்டிவிடுங்கள்.

அளவு 1 என்றால் ஏறத்தாழ 1 ஜிபி, ஆர்டர் வரிசைகள் இருக்கும் லைன்ஐட்டம் டேபிளில் மட்டும் 60 லட்சம் வரிசை. எடுத்த எடுப்பில் அதற்குப் போகாதீர்கள். 0.1 ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

நமக்கு வேண்டியது 17-வது குவரி. ஒரு குறிப்பிட்ட பிராண்டும் குறிப்பிட்ட பெட்டி வகையும் கொண்ட பாகங்களை எடு; ஒவ்வொரு பாகத்துக்கும் சராசரி ஆர்டர் அளவைக் கணக்கிடு; அந்தச் சராசரியில் 20 சதவீதத்துக்கும் குறைவாக வந்த சில்லறை ஆர்டர்களை நிறுத்திவிட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் போகும்? கடைக்காரர் கேட்கும் சாதாரணக் கேள்வி. சராசரியைக் கணக்கிடும் பகுதி, வெளிக் குவரியைச் சார்ந்த சப்குவரியாக, அதாவது குவரிக்குள் இன்னொரு குவரியாக எழுதப்பட்டிருக்கிறது. வம்பு அங்கேதான்.

படி 3: பிளானைப் படிப்பது

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், நானும் நிறைய நேரம் நின்ற இடம் இது. அதனால் கொஞ்சம் மெதுவாகவே போகலாம்.

எந்த இண்டெக்ஸும் போடாமல், குவரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் சேர்த்து ஓட்டுங்கள்; குவரி எந்தெந்தப் படிகளில் ஓடியது என்ற பிளானை அது காட்டும். கூடவே எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று காட்டும் பஃபர்ஸ் விருப்பத்தையும் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் 18-லிருந்து அது தானாகவே வந்துவிடுகிறது. கணினியைப் பொறுத்து அரை நிமிடம்போல ஆகும்.

வந்த பிளானில் லைன்ஐட்டத்தை முழுக்கப் படிக்கும் வரியைப் பாருங்கள். நேரம் சில பத்து மில்லிசெகண்ட் என்றுதான் போட்டிருக்கும். வெளியே வந்த வரிசைகள் 30 போல. "இவ்வளவு வேகமாக ஓடுகிறதே, பிறகு எங்கே போகிறது அரை நிமிடம்?" என்று மேலேயும் கீழேயும் தேடுவோம். பதில் அதே வரியின் கடைசியில் இருக்கிறது: லூப்ஸ், அதாவது அந்தப் படி ஓடிய சுற்றுகள், சுமார் 600.

பிளானில் காட்டப்படும் நேரமும் வரிசை எண்ணிக்கையும் ஒரு சுற்றுக்கான சராசரி. மொத்தம் வேண்டுமென்றால் லூப்ஸால் பெருக்க வேண்டும். 50 மில்லிசெகண்டை 600-ஆல் பெருக்கினால் 30 வினாடி. கணக்கு சரியாகிவிட்டதா?

600 எங்கிருந்து வந்தது என்பதையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 0.1 அளவில் 20,000 பாகங்கள். பிராண்டுகள் 25, பெட்டி வகைகள் 40. ஆக ஆயிரத்தில் ஒரு பாகம்தான் நம் நிபந்தனைக்குப் பொருந்தும். அதாவது 20 பாகம். ஒரு பாகத்துக்குச் சராசரியாக 30 ஆர்டர் வரிசை. 20 பெருக்கல் 30. அந்த ஒவ்வொரு வரிசைக்கும் 6 லட்சம் வரிசைகள் கொண்ட டேபிளை போஸ்ட்கிரெஸ் தலையிலிருந்து கால்வரை படித்திருக்கிறது, ஃபில்டரால் தூக்கியெறியப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

இப்போது அளவை 1 ஆக்கினால்? சுற்றுகள் 6,000, ஒவ்வொரு சுற்றிலும் டேபிள் 10 மடங்கு பெரிது. டேட்டா 10 மடங்கு கூடினால் நேரம் 100 மடங்கு. அரை நிமிடம் 50 நிமிடம் ஆகிவிடும். "டெஸ்ட் சர்வரில் நன்றாக ஓடியது, புரொடக்‌ஷனில் தொங்குகிறது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு பெருக்கல் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். 18-க்கு முந்தைய பதிப்புகளில் சராசரி வரிசை எண்ணிக்கை முழு எண்ணாகச் சுருக்கப்படும். ஒரு சுற்றுக்கு 0.4 வரிசை வந்தால் 0 என்று காட்டும். லூப்ஸ் ஒரு லட்சம் என்றால், 0 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 40,000 வரிசை வந்திருக்கும். 18-ல் தசமப் புள்ளியோடு காட்டுகிறார்கள்.

கருவிகள்: குவரி ஓட்ட எனக்கு போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். படம் பார்த்தால்தான் புரியும் என்பவர்களுக்கு டிபீவர் நல்லது. பிஜிஅட்மின் எனக்கு ஒத்துவரவில்லை, பாரமாக இருக்கிறது. பிளானை நிறம் போட்டுக் காட்ட டெபெஸ், டலிபோ என இரண்டு தளங்கள் உண்டு. டெபெஸில் பிளானின் ஒரு படி மொத்தமாக எடுத்த நேரத்தைத் தனி நெடுவரிசையில் காட்டுவார்கள். லூப்ஸ் பெருக்கலை அதுவே செய்துவிடும். ஆனால் முதல் சில பிளான்களைக் கையால் பெருக்கிப் பாருங்கள். அலுவலகப் பிளானை டெபெஸில் ஒட்டினால் டேபிள் பெயர்கள் ஊருக்கே தெரியும். பெயர்களை மறைக்கும் விருப்பத்தை டிக் செய்துவிட்டு ஒட்டுங்கள்.

படி 4: மூன்று விதமாகச் சரிசெய்யுங்கள்

ஒன்று, லைன்ஐட்டத்தில் பாக எண் மீது இண்டெக்ஸ். சுற்றுகள் அதே 600-தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 30 வரிசையை மட்டும் எடுக்கும். மொத்தமும் கண்சிமிட்டும் நேரம்.

இரண்டு, இண்டெக்ஸ் இல்லாமல் குவரியை மாற்றி எழுதுவது. பாகவாரியான சராசரியை குரூப் பை போட்டு ஒரே தடவையில் கணக்கிட்டு, அதோடு ஜாயின் செய்யுங்கள். லூப்ஸ் 1 ஆகிவிடும்.

மூன்று, பழைய குவரியை மாற்றாமல் டக்டிபியில் ஓட்டுவது. இண்டெக்ஸே இல்லாமல் சட்டென்று முடியும். இப்படிச் சார்ந்திருக்கும் சப்குவரியை அது தானாகவே ஜாயினாக மாற்றிவிடுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நாய்மன், ஆல்ஃபன்ஸ் கெம்பர் 2015-ல் வெளியிட்ட முறையை அது பின்பற்றுகிறது. போஸ்ட்கிரெஸின் ஆப்டிமைசர் இந்த வகைச் சப்குவரிக்கு அதைச் செய்வதில்லை.

மூன்றின் பிளானையும் சேமித்து வையுங்கள். மாநாட்டில் உங்கள் ஸ்லைடுகள் இவைதான்.

படி 5: போட்டி

லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் எஸ்கியூஎல் 50 என்ற கேள்வி வரிசை இருக்கிறது. இன்டர்வியூவுக்கு முந்தைய மாதம் செய்யுங்கள். ஆனால் அங்கே டேட்டா சிறியது. 17-வது குவரி போல எழுதினாலும் பச்சை டிக் விழுந்துவிடும். விடை சரியா என்று பழக அது போதும், வேகத்தை அங்கே கற்க முடியாது.

வேகத்துக்கு 2024 ஜனவரியில் குன்னர் மோர்லிங் நடத்திய நூறு கோடி வரிசைச் சவாலை எடுங்கள். வானிலை நிலையங்களின் பெயரும் வெப்பநிலையும் கொண்ட கோப்பைப் படித்து, நிலையவாரியாகக் குறைந்தது, சராசரி, அதிகம் மூன்றையும் சொல்ல வேண்டும். அது ஜாவாவுக்கான போட்டி, முடிந்தும்விட்டது. ஆனால் உலகம் முழுக்க ஆட்கள் அதை டேட்டாபேஸ்களில் செய்து பார்த்தார்கள், இன்றும் செய்யலாம். 10 கோடி வரிசையோடு தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் 23 பைட் தலைப்பகுதி வைக்கிறது, அதற்கு மேல் பக்கத்துக்குள் 4 பைட் சுட்டி வேறு. நூறு கோடி வரிசையின் 13 ஜிபி கோப்பு டேபிளாக மாறும்போது மூன்று மடங்கு ஊதிவிடும். லேப்டாப்பின் டிஸ்க் நிறைந்துபோய்த் திண்டாட வேண்டாம்.

கல்லூரி மாணவர்கள் என்றால் சிக்மோட் என்ற டேட்டாபேஸ் ஆய்வு மாநாட்டை ஒட்டி நடக்கும் நிரலாக்கப் போட்டியைப் பாருங்கள். ஜெயிப்பது கடினம்; ஆனால் முந்தைய ஆண்டுகளின் கேள்விகளே நல்ல தீனி.

படி 6: மாநாட்டுக்கு முன்மொழிவு

இங்கிருந்து பக்கம் பெங்களூருதான். போஸ்ட்கிரெஸ் மாநாடான பிஜிகான்ஃப் இந்தியா அங்கே பொதுவாக ஆண்டின் முதல் காலாண்டில் நடக்கிறது. ஃபாஸ் யுனைடெட் நடத்தும் திறமூல மென்பொருள் மாநாடான இந்தியாஃபாஸும் பெங்களூரில்தான். ஆரக்கிள் டேட்டாபேஸ் பக்கம் இருப்பவர்களுக்கு, இந்திய ஆரக்கிள் பயனர்களின் ஏஐஓயுஜி அமைப்பு நடத்தும் சங்கம் மாநாடு. பேச விரும்புபவர்களுக்கான விண்ணப்பம் மாநாட்டுக்குச் சில மாதம் முன்பே மூடிவிடும். டிக்கெட் வாங்கும்போதுதான் ஞாபகம் வந்தால் தாமதம்.

தொடக்கத்தில் 45 நிமிட உரை வேண்டாம். 5 நிமிட லைட்னிங் டாக் கேளுங்கள். முன்மொழிவில் "குவரி செயல்திறனை மேம்படுத்தும் உத்திகள்" என்று தலைப்பு வைத்தால் தேர்வுக் குழு அடுத்ததுக்குப் போய்விடும். அப்படி ஒரு கட்டு வந்திருக்கும் அவர்களுக்கு. "600 முறை படிக்கப்பட்ட டேபிள்" என்று வையுங்கள். கீழே மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, கேட்பவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் எதைச் சரிபார்க்கலாம். நீங்கள் யார், எத்தனை ஆண்டு அனுபவம் என்பதெல்லாம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் எண்களை "டிபிசி-எச் முடிவு" என்று ஸ்லைடில் போடாதீர்கள். அந்தப் பெயரில் முடிவு வெளியிடத் தணிக்கை வேண்டும். "டிபிசி-எச்சிலிருந்து எடுத்த சோதனை" என்று போட்டால் பிரச்சினை இல்லை.

சமூக மாநாடுகளில் பேச்சாளருக்கு நுழைவு இலவசமாக இருக்கலாம், பயணமும் தங்குமிடமும் பெரும்பாலும் நம் செலவு. மேலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "மாநாட்டுக்குப் போகணும் சார்" என்றால் யோசிப்பார். பிளானைக் காட்டி, இதே மாதிரி நம் ரிப்போர்ட் ஒன்றும் ஓடுகிறது என்று சொன்னால் கையெழுத்துப் போடுவார்.

படி 7: அங்கே போனதும்

எல்லா உரைக்கும் ஓடாதீர்கள். பெரும்பாலானவை பிறகு வீடியோவாக வரும். வராதது காபி மேசைப் பேச்சு. உங்களுக்குப் புரியாத ஒரு பிளானை போனில் வைத்துக்கொள்ளுங்கள். "சார், இதில் இந்த வரி ஏன் இப்படி?" என்று நீட்டினால், பெரிய ஆள் என்று நாம் தள்ளி நிற்பவர்கூடக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார். விசிட்டிங் கார்டு கொடுப்பதைவிட இது பத்து மடங்கு மேல்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

"கேதருக்குக் கீழே லூப்ஸ் 3 என்று வருகிறது, அங்கேயும் நேரத்தைப் பெருக்க வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். (கேதர் என்பது இணையாக ஓடியவற்றின் விடைகளைச் சேர்க்கும் படி.) நல்ல கேள்வி. அது இணையாக ஓடும் பிராசஸ்களின் எண்ணிக்கை, தலைமைப் பிராசஸும் சேர்த்து. வரிசைகளைப் பெருக்குங்கள், நேரத்தைப் பெருக்காதீர்கள், மூவரும் ஒரே சமயத்தில்தான் ஓடுகிறார்கள்.

டாக்கரில் (மென்பொருளைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் சிலருக்கு அளவு 1-க்குப் போனதும், பகிர்வு நினைவகத் துண்டின் அளவை மாற்ற முடியவில்லை என்ற பிழை வந்திருக்கிறது. டாக்கர் அதற்கு இயல்பாகக் கொடுப்பது 64 எம்பிதான், இணைக் குவரிகளுக்கு அது பற்றாது. கன்டெய்னரைத் தொடங்கும்போது எஸ்எச்எம்-சைஸ் விருப்பத்தில் 1 ஜிபி கொடுங்கள். ஏற்கெனவே ஓடும் கன்டெய்னரில் மாற்ற முடியாது. டேட்டா தனி வால்யூமில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள்.