ஜெர்மானியம் டிடெக்டர்: அணு வானியற்பியல் ஆய்வு மாணவரின் முதல் அளவீடு

ஜெர்மானியம் படிகத்தால் காமா கதிர்களை அளக்கும் இந்த டிடெக்டரில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குறைந்தது 6 மணி நேரம் குளிரவிடுங்கள். குளிராத படிகத்துக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பெருகி, முன்பெருக்கி (படிகத்தின் சிக்னலை முதலில் பெருக்கும் சுற்று) பழுதாகலாம். மின்னழுத்தத்தையும் படிப்படியாகவே ஏற்றுங்கள்.

அடுத்து திறன், அதாவது மூலம் உமிழும் காமாக்களில் எத்தனை பங்கை டிடெக்டர் முழு ஆற்றலுடன் பதிவு செய்கிறது என்பது. நிறமாலையில் அந்தக் காமாவுக்குரிய உச்சியின் நிகர (பின்னணி நீக்கிய) எண்ணிக்கையை, அளவீட்டுக்கு வைத்த கதிரியக்க மூலத்தின் இன்றைய கதிரியக்கம், காமா உமிழ்வு விகிதம், லைவ் டைம் (டிடெக்டர் உண்மையில் எண்ணிய நேரம்) மூன்றின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். சான்றிதழில் உள்ள பழைய மதிப்பை அப்படியே போடாதீர்கள், கோபால்ட்-60 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். நட்சத்திரங்களில் நடக்கும் வினைகளின் குறுக்குவெட்டு (வினை நிகழும் வாய்ப்பின் அளவு) மிகச் சிறியது. அதனால் டிடெக்டரை இலக்குக்கு ஒட்டியே வைக்கிறோம். அவ்வளவு அருகில் கோபால்ட்டின் 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்கள் ஒரே நேரத்தில் விழுந்து 2505-இல் புதிய உச்சி எழும், அசல் உச்சிகள் இளைக்கும். யூரோப்பியம்-152க்கும் இதே சிக்கல் உண்டு. திருத்தாமல் விட்டால் திறன் குறைவாகவும், அதை வைத்துக் கணக்கிடும் குறுக்குவெட்டு கூடுதலாகவும் வரும். ஆகவே முதலில் 20 செ.மீ. தொலைவில் திறன் வளைகோட்டை வரையுங்கள். பிறகு 661.7-இல் ஒரே ஒரு காமா தரும் சீசியம்-137ஐ 20 செ.மீ., அருகில் என இரு தொலைவிலும் அளந்து விகிதம் எடுத்து, வளைகோட்டை அருகிலுள்ள தொலைவுக்கு மாற்றுங்கள்.

கதிரியக்க மூலங்கள் எட்டாத உயர் ஆற்றலுக்கு அலுமினியம்-27 இலக்கில் 992 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களைச் செலுத்துங்கள், 1779 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் 10.76 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலும் காமா கிடைக்கும்.