மட்டக்களப்புக்கு வரும் புலம்பெயர் பிள்ளை: இளையோர் நாவல் எழுதுவோருக்கு

முதலில் வயதுக் கணக்கைப் போடுங்கள். நாயகிக்கு 2024இல் 16 வயதென்றால் பிறந்தது 2008. தாய் 1980இல் பிறந்தவரென்றால் 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று அவருக்கு 24. பாட்டி 1955 என்றால் 1978 நவம்பர் சூறாவளியின்போது 23. யார் எதைக் கண்ணால் கண்டவர் என்பது இதில் தெளிந்துவிடும். கணக்குப் பிழைத்தால் ஊர் வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

அடுத்தது குடி, அதாவது பரம்பரைக் குலப்பிரிவு. கதையின் முடிச்சை இங்கேயே தேடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியே வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயில் உரிமைகளும் குடிகளுக்கென்று பிரிந்திருக்கும். அப்பா மட்டக்களப்பு, அம்மா யாழ்ப்பாணம் என்று வைத்துப் பாருங்கள். கோயில் வீதியில் ஒரு மூதாட்டி "நீ என்ன குடி?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? ஒரு நாவலைத் தாங்க அந்தக் கேள்வி போதும். அம்மாவே மட்டக்களப்பு என்றால் முடிச்சு வீட்டில் கிடக்கிறது: வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம், அம்மா ரொறன்ரோவில், வீட்டில் குடியிருப்பது சின்னம்மா.

பருவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளுத்தி வைகாசியில். ரொறன்ரோப் பள்ளிகள் மூடுவது ஜூன் கடைசியில். கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளை குளுத்தியில் நிற்க முடியாது. மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பொருந்தும். அந்த மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றும் வெக்கையும். மழையைக் கொட்டவிடாதீர்கள், அது கார்த்திகை, மார்கழிக்கு உரியது. வாவியில் பாடுமீன் ஒலி கேட்கும் காட்சி வேண்டுமானால் நிலவுள்ள இரவு, கல்லடிப் பக்கம், தோணி. துடுப்பின் ஒரு நுனி வாவிக்குள், மறு நுனி காதில்.

கூத்தாட வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். சட்டம் (அவரவர் பாத்திரத்தின் பாட்டு ஏடு) கொடுத்து, சதங்கை கட்டி, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழகுவார்கள். ஆறு வாரத்தில் வடமோடிக் கூத்து ஆடும் பிள்ளையைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எவரும் நம்பமாட்டார். கூத்தாடும் களரியோரம் இருந்து மத்தளத்தின் தாளக்கட்டைப் பிடிக்கத் தடுமாறட்டும். அது உண்மையாக இருக்கும்.

பேச்சு. "பிறகு" என்பதற்கு "பேந்து" யாழ்ப்பாணம், இங்கே "மறுகா". பாட்டி "இஞ்ச வாகா" (இங்கே வா) என்பார். இவற்றை எல்லா வரியிலும் தூவவேண்டாம், பேசுபவரின் வயது பார்த்து வையுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை அரைகுறைத் தமிழில் சிறு சிறு வசனமாகப் பேசட்டும். எழுதியதை ஊரில் ஒருவரிடம் சத்தமாக வாசிக்கக் கொடுங்கள். அவர் நாக்கு இடறும் வரிகளைத் திருத்துங்கள்.