வீட்டுப் பட்டறைக்குப் பழைய டிக் வெல்டிங் மெஷின் வாங்குவது எப்படி?

கார் ஷெட்டின் ஒரு மூலையில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் டிக் மெஷின் மேல் ஆசை வந்துவிடும். எஸ்.எஸ். கைப்பிடி, பைக் சைலன்சர், மெல்லிய குழாய், அலுமினிய பிராக்கெட் என்று சுத்தமாக ஒட்ட வேண்டிய எல்லாவற்றுக்கும் இதுதான் சரியான கருவி. டங்ஸ்டன் கம்பியின் நுனியில் ஆர்க் என்ற மின்சுடரைப் பிடித்து, காற்று படாமல் ஆர்கான் கேஸ் சூழ உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை இது. நம்மூர்ப் பட்டறைகளில் இதையே ஆர்கான் வெல்டிங் என்பார்கள். புதிய மெஷினுக்குப் பணம் போதாதவர்கள் பழையது வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பெயின்ட் பளபளப்பையும் விற்பவரின் பேச்சையும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. குறைந்த ஆம்ப்ஸில் ஆர்க் உடனே பிடிக்கிறதா, அதிக ஆம்ப்ஸில் பல நிமிடம் நிற்காமல் ஓடுகிறதா என்ற இரண்டு சோதனைகள்தான் மெஷினின் உண்மை நிலையைக் காட்டும். இந்த இரண்டையும் செய்துபார்க்க விடாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

படி 1: டி.சி. போதுமா, ஏ.சி.யும் வேண்டுமா?

இரும்பு, எஸ்.எஸ்., செம்பு வேலைகளுக்கு டி.சி. மட்டும் தரும் மெஷின் போதும். அலுமினியத்துக்கு ஏ.சி. கட்டாயம். அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏ.சி.யில் மின்னோட்டம் திசை மாறும்போது அந்தத் தோல் உடைந்து விலகும். டி.சி.யில் முயன்றால் தோலுக்கு அடியில் உலோகம் உருகி, ஒட்டாமல் உருண்டு நிற்கும்.

இரண்டும் தரும் இன்வெர்ட்டர் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும்) மெஷினில் வெளியீட்டுப் பக்கம் இன்னொரு சுவிட்சிங் பகுதி கூடுதலாக இருக்கும். பழுதாக அங்கே இன்னும் நாலு இடம் உண்டு, போர்டு விலையும் அதிகம். ஆகவே அலுமினிய வேலை நிச்சயம் வரும் என்றால் மட்டும் ஏ.சி./டி.சி. தேடுங்கள். "பின்னால் தேவைப்படலாம்" என்பதற்காகப் பழைய ஏ.சி./டி.சி. மெஷினில் பணத்தைப் போடுவது முதல் மெஷின் வாங்குபவருக்கு நல்ல முடிவு இல்லை.

ஆம்ப்ஸ் கணக்கு எளிது. இரும்புக்கு 1 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்ப்ஸ், எஸ்.எஸ்.ஸுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. 200 ஆம்ப்ஸ் மெஷின் வீட்டு வேலைக்குத் தாராளம்.

படி 2: வீட்டுக் கரண்ட் தாங்குமா?

பழைய மெஷின் தேடுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அம்பத்தூர், கோவை, ஓசூர், திருச்சி துவாக்குடி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் விற்பனைக்கு வரும் 300, 400 ஆம்ப்ஸ் மெஷின்களில் பெரும்பாலானவை 415 வோல்ட் த்ரீ பேஸில் ஓடுபவை. விலை ஆசை காட்டும், ஆனால் சிங்கிள் பேஸ் வீட்டில் அது வெறும் எடைதான். பெயர்த்தகட்டில் யு1 என்ற இடத்தில் 230 வோல்ட் என்றும், அருகில் சிங்கிள் பேஸ் குறியான "1~" என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே தகட்டில் ஐ1 மேக்ஸ் என்பது மெஷின் உச்சத்தில் இழுக்கும் மின்னோட்டம். சாதாரண 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் மெஷின் டிக்கில் 100 ஆம்ப்ஸ் வைத்து ஓடும்போது வீட்டு லைனில் சுமார் 11 ஆம்ப்ஸ் இழுக்கும். முழு 200 வைத்தால் 28-ஐத் தொடும். ஆகவே 16 ஆம்ப்ஸ் பிளக்கில் 120 ஆம்ப்ஸ் வரை ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 6 சதுர மி.மீ. காப்பர் வயர், 32 ஆம்ப்ஸ் 'சி' வகை எம்.சி.பி., சரியான எர்த். எர்த் இல்லாமல் எச்.எஃப். மெஷினை (டங்ஸ்டன் தகட்டைத் தொடாமலே, உயர் அதிர்வெண் பொறியால் ஆர்க் பிடிக்கும் வகை) ஓட்டினால் பாடியைத் தொடும்போதெல்லாம் சுருக்கென்று அடிக்கும். இதே மெஷினில் ராடு வெல்டிங் செய்தால் ஆர்க் வோல்டேஜ் கூடுவதால் இழுவையும் கூடும். டிக்கில் விழாத எம்.சி.பி. ராடில் விழுவது இதனால்தான். மின்வாரிய அட்டையில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊராக இருந்தால் தகட்டில் 230 வோல்ட், கூட்டல் கழித்தல் 15 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சுமார் 195 வோல்ட் வரை மெஷின் சமாளிக்கும்.

படி 3: போனிலேயே கேட்டு முடிக்க வேண்டியவை

பெயர்த்தகட்டின் போட்டோவைக் கேளுங்கள். ஆர்க் எச்.எஃப்.பில் பிடிக்குமா, தொட்டுத் தூக்கும் லிஃப்ட் முறையா, வெறுமனே உரசிப் பிடிக்கும் வகையா என்று கேளுங்கள். ஆரம்பக்காரருக்கு எச்.எஃப். நல்லது, லிஃப்ட் பரவாயில்லை. உரசும் வகை வேண்டவே வேண்டாம், டங்ஸ்டன் நுனி ஒவ்வொரு முறையும் உடைந்து வெல்டுக்குள் போகும். ஆர்கான் சிலிண்டர் வைத்து ஓட்டிக் காட்ட முடியுமா, பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள்: "நான் வரும்வரை மெஷினை ஆன் பண்ண வேண்டாம்." சில கோளாறுகள் மெஷின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் தெரியும், சில சூடேறிய பிறகுதான் தெரியும். இரண்டையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

பிராண்டைவிட முக்கியம், உங்கள் ஊரில் அதற்கு சர்வீஸும் போர்டும் கிடைப்பது. அடோர், ஈசாப் போன்ற பழைய பெயர்களுக்கு இங்கே டீலர் உண்டு. ஆன்லைனில் மட்டும் விற்கும் பெயர் தெரியாத மெஷினுக்குப் போர்டு போனால் அதோடு முடிந்தது.

படி 4: கையில் எடுத்துப் போக வேண்டியவை

புதிய டங்ஸ்டன், 1.6 மி.மீ. ஒன்று, 2.4 மி.மீ. ஒன்று. சாம்பல் நிற நுனி அல்லது நீல நிற நுனி வாங்கினால் ஏ.சி., டி.சி. இரண்டுக்கும் ஆகும். 2 மி.மீ. எஸ்.எஸ். தகடு இரண்டு துண்டு, 1.6 மி.மீ. 308எல் ஃபில்லர் ராடு (ஒட்டும் இடத்தில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர், ஹெல்மெட், கையுறை. ஏ.சி. சோதிக்க வேண்டுமென்றால் 3 மி.மீ. அலுமினியத் துண்டும் 4043 ராடும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். ஏ.சி. மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. 10 மி.மீ. தடிமனில் ஒரு அடிக்கு ஒரு அடி இரும்புத் தகடும் வேண்டும். ஏழு கிலோ இருக்கும் என்பதால் சுமக்காமல் விற்பவரிடமே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

படி 5: ஆன் செய்வதற்கு முன்

மூக்கை ஃபேன் ஜாலியில் வைத்து முகருங்கள். கருகிய வாடை வந்தால் உள்ளே ஏதோ வெந்திருக்கிறது. எர்த் கேபிளும் (ஒட்டும் தகட்டில் கிளாம்ப் போடும் கேபிள்) டார்ச்சும் (டங்ஸ்டன் மாட்டிக் கையில் பிடிப்பது) மாட்டும் சாக்கெட்டுகளைப் பாருங்கள். சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி நிறம் மாறியிருந்தால் லூஸ் கனெக்ஷனோடு பல நாள் ஓடிய மெஷின்.

விற்பவர் சம்மதித்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகே கழற்ற வேண்டும். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர்களில் 325 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் தங்கும், ஆளைக் கொல்லப் போதுமானது. கண்ணால் மட்டும் பாருங்கள், விரலை விடாதீர்கள். கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா? வயர்கள் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டுப்போடப்பட்டிருக்கின்றனவா? கிரைண்டர் பக்கத்தில் இருந்த மெஷின் என்றால் போர்டு மேல் கருப்பாக இரும்புத் தூசி படிந்திருக்கும். அது கரண்ட் கடத்தும், மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்தால் போர்டையே சுட்டுவிடும். கடற்கரை ஊர் மெஷினில் காப்பர் முனைகள் பச்சை பூத்திருக்கும். நம்மூர் மெஷின்களில் பல்லி ஒரு தனிப் பிரச்சினை. கதகதப்புக்கு ஃபேன் ஓட்டை வழியாக உள்ளே போய், போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே செத்துக் காய்ந்து கிடக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கருகல் இருக்கிறதா என்று டார்ச் லைட் அடித்துப் பாருங்கள்.

முன்பு ரிப்பேர் செய்த மெஷின் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். என்ன பார்ட் மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று விற்பவர் தெளிவாகச் சொன்னால் அது நல்ல அறிகுறிதான்.

படி 6: ஆர்க் அடித்துப் பார்ப்பது

முதலில் கேஸ். ரெகுலேட்டரை நிமிடத்துக்கு 8 லிட்டருக்கு வைத்து டார்ச் சுவிட்சை அழுத்துங்கள். உஸ்ஸென்று வர வேண்டும், சுவிட்சை விட்டபின் சில நொடி வந்து நிற்க வேண்டும். நிற்கவே இல்லையென்றால் உள்ளே கேஸைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு சிக்கியிருக்கிறது. சின்ன செலவுதான், விலையில் குறைத்துக்கொள்ளலாம். பிறகு சிலிண்டர் வால்வை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். மீட்டர் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது, சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அடுத்து முதல் முக்கியச் சோதனை. 1.6 மி.மீ. டங்ஸ்டனைப் பென்சில் போலக் கூராகத் தேயுங்கள். தேய்க்கும் கோடுகள் குறுக்கே போகாமல் நுனியை நோக்கி ஓட வேண்டும். மெஷினை 20 ஆம்ப்ஸில் வைத்து, நுனியைச் சுத்தமான தகட்டிலிருந்து 2 மி.மீ. உயரத்தில் பிடித்து சுவிட்சை அழுத்துங்கள். பத்து முறை செய்தால் பத்து முறையும் உடனே பிடிக்க வேண்டும். லிஃப்ட் மெஷின் என்றால் தொட்டுத் தூக்கியதும் ஒட்டாமல் பிடிக்க வேண்டும். தவறினால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள். எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, டங்ஸ்டனை மறுபடி கூராக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஸ்பார்க் கேப் (எச்.எஃப். பொறி தாவும் இடைவெளி) உள்ள மெஷினில் அதன் முனைகள் தேய்ந்திருக்கலாம், சுத்தம் செய்து இடைவெளி சரிசெய்தால் தீரும். எச்.எஃப். சத்தமே கேட்கவில்லையென்றால் முதலில் டார்ச் சுவிட்ச் வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நன்றாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் எச்.எஃப். போர்டு போயிருக்கும். அதைச் சரிசெய்யும் செலவை மனதில் வைத்துப் பேசுங்கள், அல்லது கிளம்புங்கள்.

பிடித்த ஆர்க்கை 15 ஆம்ப்ஸுக்கு இறக்கி ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். நடுங்கினாலோ அணைந்தாலோ மெல்லிய தகட்டு வேலைக்கு இந்த மெஷின் ஆகாது. பிறகு 100-ல் வைத்து எர்த் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். 95 முதல் 105 வரை காட்டினால் சரி. 80 காட்டினால் மெஷினின் டிஸ்பிளேயை நம்ப முடியாது.

இப்போது இரண்டு எஸ்.எஸ். துண்டுகளையும் 65 ஆம்ப்ஸில் ஒட்டுங்கள். முடித்ததும் டார்ச்சைத் தூக்காமல், கேஸ் நிற்கும்வரை அதே இடத்தில் வைத்திருங்கள். 10 ஆம்ப்ஸுக்கு ஒரு நொடி வீதம் கேஸ் ஓட வேண்டும் என்பது கணக்கு, 65-க்கு ஆறேழு நொடி. டங்ஸ்டன் நுனி வெள்ளிபோல மின்னினால் கேஸ் பாதை சுத்தம். நீலமாகவோ கருப்பாகவோ மாறினால் காற்று கலக்கிறது. வெல்டு இளம் தங்க நிறத்தில் இருந்தால் அருமை, சாம்பலாகப் பொரிந்திருந்தால் கேஸ் போதவில்லை அல்லது சூடு அதிகம். இது பெரும்பாலும் டார்ச் ஹோஸ், ஓ-ரிங், கப் (டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் மூடி) சம்பந்தப்பட்டது, மெஷினின் குறை இல்லை.

கடைசியாக இரண்டாவது முக்கியச் சோதனை. பெயர்த்தகட்டில் எக்ஸ் என்ற வரிசையில் 60% என்பதற்குக் கீழே உள்ள ஆம்ப்ஸைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்ப்ஸில் ஓடலாம் என்று அர்த்தம். 2.4 மி.மீ. டங்ஸ்டனை மாட்டி, கனமான தகட்டின் மேல் ஆர்க்கை மெதுவாக நகர்த்திக்கொண்டே அந்த ஆறு நிமிடத்தை ஓட்டுங்கள். டார்ச் 17-ஆம் நம்பர் என்றால் 125 ஆம்ப்ஸைத் தாண்ட வேண்டாம், அதன் வரம்பே 150தான். 26-ஆம் நம்பர் 200 வரை தாங்கும். ஃபேன் வேகம் குறையாமல் சுற்ற வேண்டும், ஆர்க் இடையில் அறுபடக் கூடாது. மூன்றாவது நிமிடத்திலேயே சூடு அதிகம் என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிட்டால், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கும் அல்லது ஃபேன் போயிருக்கும். விளக்கு எரியாமலே நின்றால் கோளாறு பவர் பகுதியில், வாங்காதீர்கள். இந்தச் சதவீதம் 40 டிகிரி காற்று வெப்பத்தில் அளக்கப்படுவது. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அதைவிடச் சூடாக இருக்கும் என்பதால் தகட்டு எண்ணை மொட்டையாக நம்பக் கூடாது.

ஏ.சி. மெஷின் என்றால், நன்றாகத் தேய்த்த அலுமினியத்தில் உருகிய உலோகக் குளம் கண்ணாடிபோல மின்ன வேண்டும், வெல்டின் இரு ஓரத்திலும் வெள்ளையாகச் சுத்தமான பட்டை தெரிய வேண்டும். பட்டையே இல்லாமல் குளம் மங்கலாக இருந்தால் ஏ.சி. பகுதியில் சந்தேகம்.

படி 7: விலை பேசுவது, சிலிண்டர் வாங்குவது

அதே மாடல் புதிதாக என்ன விலை என்று அன்றைக்கே பாருங்கள். எல்லாச் சோதனையும் தேறினாலும் அதில் பாதிக்கு மேல் கொடுப்பது அதிகம்தான், ஏனென்றால் வாரண்டி இல்லை. டார்ச் ஹோஸ் வெடித்திருந்தால் புது டார்ச் விலையை முழுதாகக் கழித்துக் கேளுங்கள். டார்ச்சோடு கிடைக்கும் காலெட் (டங்ஸ்டனைப் பிடிக்கும் குழல்), கப், பேக் கேப் (பின்மூடி) எந்த நம்பர் டார்ச்சுக்கானவை என்று பாருங்கள். 17, 18, 26 டார்ச்களுக்கு ஒரே பார்ட்டுகள் பொருந்தும், 9-க்கும் 20-க்கும் வேறு.

சிலிண்டரை மட்டும் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். ஆர்கான் சிலிண்டர் நீல நிறத்தில் இருக்கும், தோள்பட்டையில் டெஸ்ட் தேதி குத்தியிருக்கும். காலாவதியானதையும் வேறு கம்பெனி பெயர் உள்ளதையும் கேஸ் ஏஜென்சி நிரப்பாது. நேராக ஏஜென்சியிலேயே வாடகைக்கோ டெபாசிட்டுக்கோ எடுங்கள். 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 1,500 லிட்டர் கேஸ் இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் மூன்று மணி நேர ஆர்க். 47 லிட்டர் சிலிண்டர் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வரும், நிரப்பும் செலவும் கணக்கில் மலிவு. ஆனால் சுவரில் சங்கிலியால் கட்டி நிறுத்த இடம் வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வாடையே இல்லாமல் தரையோடு தங்கிவிடும். எனவே ஷெட் ஷட்டரை முழுதாக மூடிக்கொண்டு வேலை செய்யாதீர்கள், வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்து, மூடியைக் கழற்றி, ஈரமில்லாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் தடுத்துப் பிடியுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். அதன் பிறகு ஃபேன் ஓட்டைகளில் மெல்லிய கம்பி வலை ஒன்றை வெளிப்பக்கமாகத் திருகிவிட்டால் பல்லி உள்ளே போகாது. கண்ணி 5 மி.மீ. இருக்கட்டும், அதைவிடச் சிறிதானால் காற்றோட்டம் குறைந்து மெஷின் சூடாகும்.