மலைக் களப்பயணத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுத மறப்பவர்கள்

உயிரினப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்களோடு மலை ஏறினால், ஒவ்வொரு வருடமும் புது முகங்கள், அதே பழைய தவறுகள். ஷூ, ரெயின்கோட், தண்ணீர் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வெறும் பட்டியலோடு இறங்கி வருவது

ஒரு குழு அழகான பட்டியலோடு வந்தது. பறவை, பட்டாம்பூச்சி, தவளை எல்லாம் இருந்தன. "எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. "மேல் முகாம்ல ஒண்ணுமே வரல சார், அதான் எழுதல" என்றான் ஒருவன். மூடுபனியில் நின்ற ஒரு காலைப்பொழுது முழுக்க வீண்! அடுத்து வந்த குழு அதே முகாமில் ஒரு பறவையைப் பார்த்தது. அது புதிதாக மேலேறி வந்ததா, முன்பே இருந்து பனியில் கண்ணில் படவில்லையா? முதல் குழு அங்கே தேடியதற்கே பதிவு இல்லாதபோது யாரைக் கேட்பது? நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னலின் குழு 1914 முதல் 1920 வரை சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்தது. எங்கே, எத்தனை இரவு பொறி வைத்தார்கள் என்பதும் அவர்கள் குறிப்பில் இருந்தது. அதனால்தான் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அதே இடங்களுக்குப் போனவர்களால் ஒப்பிட முடிந்தது. 28 இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேலே நகர்ந்திருந்தன. பொறி வைத்தும் சிக்காத இரவையும் பொறியே வைக்காத இரவையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் இந்த முடிவு கிடைத்திருக்காது.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், வானிலை, உயரம். எதுவும் வராவிட்டால் "ஒன்றும் இல்லை". எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து யோசித்தால் பார்த்தது மட்டும்தான் நினைவுக்கு வரும்.

உயரத்தை மட்டும் குறிப்பது

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், சரி. ஆனால் ஒரே உயரத்தில் வெயில் படும் சரிவில் இருக்கும் பல செடிகள் நிழல் சரிவில் இருக்காது. சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள்.

பேனா கொண்டுபோவது

மழையில் எழுதாது. பென்சில்.

ஒரு ஓடையின் சேற்றோடு அடுத்த ஓடையில் இறங்குவது

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்திலும் சேற்றிலும் பயணிக்கும். பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாகக் காயவையுங்கள். தவளையைப் பாதுகாக்கப் படிப்பவரே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது இல்லையா?

தலைவலியை மறைப்பது

2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் வந்தால் உடனே சொல்லுங்கள். சரியாகும்வரை மேலே ஏறாதீர்கள்; அதிகமானால் இறங்கிவிடுங்கள்.

அரிய இனத்தின் படத்தை அப்படியே பகிர்வது

போனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் ஆயத்தொலைவும் பதிந்திருக்கலாம். திருடிப் பிடித்து விற்பவர்களுக்கு அது போதும். அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். அப்புறம், பின்னணியில் தெரியும் மலைமுகட்டை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அதையும் வெட்டிவிடுங்கள்.