ஆல் வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ்: பனிக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகரங்களில் நவம்பர் பிறந்தால் கார் வாங்கப் போகிறவர்களின் முதல் கேள்வி, "இது ஆல் வீல் டிரைவா?" என்பதுதான். கேள்வியில் குறை ஒன்றும் இல்லை. விற்பனையாளர் "ஆமாம்" என்றதும் பனிக்காலத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் தவறு. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்து எஸ்.யூ.வி. வாங்கியவர்கள் பலர், தேய்ந்த ஆல் சீசன் டயரிலேயே ஜனவரியையும் பெப்ரவரியையும் கடத்துகிறார்கள். பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடுவோம். ஆல் வீல் டிரைவில் ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு டிஃபரன்ஷியலோ (இரு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) கிளட்ச்சோ இருந்து, விசையைத் தானாகவே பகிர்ந்து அனுப்பும். பிக்கப் டிரக்குகள் பலவற்றிலும் ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளிலும் இருப்பது பெரும்பாலும் பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். அதில் ஓட்டுபவரே லீவரையோ குமிழையோ திருப்பி இரண்டு சக்கர ஓட்டமான 2 ஹையிலிருந்து நான்கு சக்கர ஓட்டமான 4 ஹைக்கு மாற்றுகிறார். மாற்றியதும் முன் அச்சும் பின் அச்சும் விசையை இரண்டு அச்சுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாக ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். டொயோட்டா லேண்ட் குரூசர் போன்ற சிலவற்றில் நடுவே டிஃபரன்ஷியல் வைத்த முழுநேர ஃபோர் வீல் டிரைவும் உண்டு. சாலையில் அது ஆல் வீல் போலவே நடந்துகொள்ளும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் செய்யும் வேலை ஒன்றுதான்: என்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது. பிரேக்கை மிதிக்கும்போது பகிர்வதற்கு விசையே இல்லை. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது, விலை குறைந்த முன் சக்கர இழுவைக் காரிலும்கூட. ஆகவே நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது வேகமும், டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடியும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது உறைக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் உலர்ந்த தார்ச் சாலையில், பிரேக் பிடித்த கணத்திலிருந்து ஏறக்குறைய 12, 13 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதே காருக்கு 40 மீட்டர் அளவு வேண்டும். வெறும் ஐஸில் 100 மீட்டரை நெருங்கும். 50க்குப் பதில் 70இல் போனால் ஒவ்வொரு தூரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வண்டியின் பின்புறம் ஆல் வீல் என்று பொறித்திருப்பதால் இந்தத் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது.

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முன் சக்கர இழுவைக் காரில் பச்சை விளக்கு விழுந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் சற்றே வழுக்கிச் சுழலும். சாலை வழுக்குகிறது என்ற செய்தி அந்த நொடியே காலுக்கும் கைக்கும் வந்துவிடும். அடுத்த சந்தியை நாம் மெதுவாகத்தான் அணுகுவோம். ஆல் வீல் காரோ அதே ஐஸில் அலுங்காமல் புறப்பட்டுவிடும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது பிரேக் பிடிக்கும்போதுதான் முதன்முதலில் தெரியவரும், அதுவும் முன்னால் நிற்கும் காரை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும்போது. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில், ஐஸின் மேல் மெல்லிய ஈரம் படிந்திருக்கும் காலை நேரத்தில் இது இன்னும் மோசம். நான் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்: வீட்டுத் தெருவை விட்டு வெளியேறும் முன், பின்னால் எந்த வண்டியும் இல்லாதபோது, குறைந்த வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எவ்வளவு சீக்கிரம் அதிரத் தொடங்குகிறது என்பதிலிருந்து அன்றைய சாலை எப்படி என்று தெரிந்துவிடும்.

டயரில் செய்யும் தவறுகள்

ஆல் வீல் இருப்பதால் வின்டர் டயர் வேண்டாம் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆல் சீசன் டயரின் ரப்பர், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்கும். குளிர் ஏற ஏறப் பிடியும் குறையும். வின்டர் டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கடித்துப் பிடிக்கும். அதனால் பனி விழாத, உலர்ந்த, மைனஸ் பத்துப் பாகை நாளிலும் அதற்குப் பயன் உண்டு.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துக் குறிப்பிட்ட அளவு இழுவை காட்டிய டயருக்குத்தான் அந்தக் குறி கிடைக்கும். வெறும் எம்+எஸ் என்ற எழுத்து டயரின் வெட்டு வடிவத்தைத்தான் குறிக்கிறது, சோதனையை அல்ல. இரண்டையும் ஒன்றென்று நம்பி ஏமாறுகிறவர்கள் பலர்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஆல் வீலுக்கு அங்கே விலக்கு இல்லை. சட்டமும் டயரைத்தான் பார்க்கிறது. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். கேட்காததால் அதை இழப்பவர்கள் உண்டு. டயரைத் தனி ரிம்மோடு வாங்கிவைத்தால் ஒவ்வொரு பருவமும் மாற்றும் செலவு குறையும். வின்டர் டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் ஓய்வில் இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேய்மானத்தை மறந்துவிட வேண்டாம். டயரின் வெட்டு ஆழம் 4 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் பனிச் சாலைக்கு அது உதவாது என்பதே கனடியப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. அதேபோல, செலவைக் குறைக்க இரண்டு வின்டர் டயர் மட்டும் போடுவதும் ஆபத்து. முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வெளியே வீசும். பின்னால் மட்டும் போட்டால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும்.

ஆல் வீல் வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு செலவும் காத்திருக்கிறது. ஒரு டயர் வெடித்துவிட்டது என்று அதை மட்டும் புதிதாக மாற்றினால், புதிய டயரின் சுற்றளவு தேய்ந்த மூன்றைவிடப் பெரிதாக இருக்கும். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல, நடுவே உள்ள கிளட்ச் ஓயாமல் உராய்ந்து சூடேறிப் பழுதாகும். அந்தப் பழுதுக்கு முன்னால் நான்கு டயரின் விலை ஒன்றுமே இல்லை. எவ்வளவு வேறுபாடு வரை தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4 ஹையில் செய்யும் தவறு

பிக்கப் வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, டிசம்பரில் 4 ஹை போட்டு மார்ச் வரை எடுக்காமலே ஓட்டுவது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் போக வேண்டும். இரண்டு அச்சும் பூட்டப்பட்டிருந்தால் அந்த வேறுபாட்டை எங்காவது ஒரு டயர் வழுக்கித்தான் ஈடுகட்ட முடியும். பனியில் அது எளிதாக வழுக்கிவிடும், நமக்குத் தெரியாது. உலர்ந்த தாரிலோ, கடையின் வாகனத் தரிப்பிடத்திலோ திருப்பினால் வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல் நின்று நின்று துள்ளும். ஸ்டியரிங் கனக்கும். உள்ளே முறுக்கம் ஏறி 2 ஹைக்கு மாற்றவே முடியாமல் போவதுண்டு. டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும்.

தென் ஒன்ராறியோவின் சாலைகளை நினைத்துப் பாருங்கள். 401 நெடுஞ்சாலையில் உப்புப் போட்டு, பனியை வழித்து, சக்கரத்தடம் இரண்டும் கறுப்பாகத் தெரியும். பாலத்தின் மேல் திடீரென்று ஐஸ். வெளியேறும் வளைவில் அரைகுறைப் பனி. இறங்கி உள்தெருவுக்குள் வந்தால் கணுக்கால் அளவு வெண்பனி. அரை மணி நேரப் பயணத்தில் சாலை பலமுறை மாறும்; ஒவ்வொரு தடவையும் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. இப்படிப்பட்ட கலவையான சாலைக்குப் பகுதிநேர ஃபோர் வீலைவிட ஆல் வீலே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. "ஃபோர் வீல்தான் பலமானது, ஆல் வீல் சும்மா பேருக்கு" என்ற பேச்சு நகர ஓட்டத்துக்குப் பொருந்தாது. சில பிக்கப்களில் 4 ஆட்டோ என்று ஒரு நிலை இருக்கிறது. அது தேவைக்கேற்ப முன் அச்சைச் சேர்த்துக்கொள்ளும். பிக்கப் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

4 லோ என்ற குறைவேக நிலை வேறு வேலைக்கு. ராங்ளர் ரூபிகானில் அது வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும். புதைந்த வண்டியை மெல்ல வெளியே எடுக்கவும், மிகச் செங்குத்தான சரிவில் ஊர்ந்து இறங்கவும் அது போதும். பனி அதிகம் என்பதற்காக அதில் ஹைவேயில் ஏறக்கூடாது. மறுபக்கம், வருடம் முழுக்க 4 ஹையைத் தொடாமலே இருந்தாலும் அதன் பொறிகள் இறுகிவிடும். மாதம் ஒருமுறை, வழுக்கும் சாலை கிடைக்கும்போது, போட்டு எடுப்பது நல்லது.

எல்லா ஆல் வீலும் ஒன்றல்ல

சுபாரு ஃபாரஸ்டர், அவுட்பேக் போன்றவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போகிறது. ஹோண்டா சி.ஆர்.வி. போன்றவை முன் சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்டு, தேவைப்படும்போது பின் சக்கரங்களைச் சேர்த்துக்கொள்பவை. ராவ்4 ஹைபிரிட்டில் முன்னிருந்து பின்னுக்குப் போகும் தண்டே கிடையாது. பின் அச்சில் தனி மின்மோட்டார் இருக்கிறது. நகரத்துக்கு இவை மூன்றும் போதும். ஜோர்ஜியன் குடாவிலிருந்து பனி கொட்டும் பாரி பக்கம் 400 நெடுஞ்சாலையில் தினமும் ஓடுபவர்கள், எப்போதும் நான்கையும் இயக்கும் வகையைப் பார்க்கலாம். வடக்கே, வழிக்காத தனியார் பாதையின் முடிவில் கொட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கும், வண்டியின் முன்னால் பனி வழிக்கும் தகடு பூட்டுபவர்களுக்கும்தான் உண்மையான ஃபோர் வீல் தேவைப்படுகிறது. மற்றவர்கள் ஆல் வீலுக்கும் வின்டர் டயருக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாவிட்டால், முன் சக்கர இழுவைக் காரை வாங்கி நல்ல வின்டர் டயர் நான்கு போட வேண்டும். நிற்பதிலும் திரும்புவதிலும் அது, ஆல் சீசன் டயரில் ஓடும் ஆல் வீல் எஸ்.யூ.வி.யை முந்திவிடும்.

தரையிலிருந்து வண்டியின் உயரத்தையும் கவனியுங்கள். தாழ்வான ஆல் வீல் செடான் ஆழமான பனியில் வயிற்றோடு அமர்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் காற்றில் சுழலும். அப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரத்தின் கீழே பனி உருகி ஐஸாகும், அவ்வளவுதான். மண்வெட்டியால் அடியில் உள்ள பனியை எடுத்துவிட்டு, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாட்டை (டிராக்ஷன் கன்ட்ரோல்) நிறுத்தி, மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் இழுவை வண்டியைக் கூப்பிடும்போதே ஆல் வீல் என்று சொல்லி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் கேளுங்கள். இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால் நடுவே உள்ள பொறிகள் சிதையலாம்.

அது வரும்வரை ஹீற்றர் போட்டு உள்ளே இருப்பதானால், முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முழுவதும் அகற்றுங்கள். அடைபட்ட குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. பனி தொடர்ந்து கொட்டினால் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடியைச் சற்றே திறந்து வையுங்கள்.