செம்புக் கம்பியில் ரப்பர் கொட்டைப் பதக்கம்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிவிட்டாலும், எஞ்சியிருக்கும் ரப்பர் மரங்களின் அடியில், காய் வெடிக்கும் பருவத்தில் கொட்டைகள் சிதறிக் கிடப்பதை இன்றும் காணலாம். பழுப்புப் புள்ளிகளுடன் இயற்கையாகவே பளபளக்கும் அந்தக் கொட்டையைத் துளையிடாமல், செம்புக் கம்பியால் ஆன கூட்டுக்குள் அடக்கிப் பதக்கமாக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்னும் நிற்கிறது; ஆகவே இந்த வட்டாரத்து நகைக்கு இதைவிடப் பொருத்தமான மணி கிடைக்காது என்பது என் எண்ணம்.

தேவையான பொருட்கள்

மூன்று குறடுகள் போதும்: வளையம் சுற்ற உருண்டை முனைக் குறடு, பிடித்துக்கொள்ளப் பற்களில்லாத தட்டைக் குறடு, நறுக்குவதற்கு வெட்டுக் குறடு. இவற்றுடன் ஒரு சிறிய அரமும் உப்புத்தாளும் இருக்கட்டும். கூட்டுக்கு 1 மில்லிமீட்டர் கம்பியும், இணைப்புக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பியும் வேண்டும். கடையில் கேட்கும்போது 'கேஜ்' எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதோடு, அமெரிக்க அளவும் பிரிட்டிஷ் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்க அளவில் 18 என்பது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் அதுவே 1.2 மில்லிமீட்டர்.

பயிற்சிக்குக் காசு கொடுத்துக் கம்பி வாங்க வேண்டியதில்லை. வீட்டு மின்னிணைப்பு வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் துண்டு கிடைத்தால், அதனுள் பெரும்பாலும் 0.67 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏழு செம்பு இழைகள் இருக்கும். மேலுறையைக் கத்தியால் கீறி உரித்துவிடுங்கள். எரித்து எடுப்பது எளிதாகத் தோன்றலாம்; ஆனால் உறையிலுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும் புகை நச்சுத்தன்மை கொண்டது.

கொட்டையைக் கழுவி, உள்ளே பருப்பு சுருங்கி 'கடகட'வென ஆடும் வரை வெயிலில் காயவைத்து, மேலே நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு பூசுங்கள். பச்சைப் பருப்பில் சயனைடை வெளியிடும் பொருள் இருப்பதால், உடைந்த கொட்டைகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டும்படி விட்டுவைக்கக் கூடாது. கருப்புக் கண்ணுள்ள குன்றிமணி இன்னும் கொடியது என்பதால், அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

முதலில் கட்டுக்கண்

பதக்கத்தின் அழகு கூட்டில் இருக்கலாம். அது கழன்று விழாமல் இருப்பது கட்டுக்கண்ணில்தான் இருக்கிறது. கம்பியைச் சும்மா வளைத்து விட்ட வளையம் இழுபட்டால் வாய் திறந்துகொள்ளும். கம்பியின் மிஞ்சிய முனையை (வால்) வளையத்தின் அடியிலுள்ள நேர்ப்பகுதியில் (கழுத்து) சுற்றிக் கட்டிவிட்ட வளையமே கட்டுக்கண்; அது எளிதில் திறக்காது. ஆகையால் கைக்கு இது படிந்த பிறகே கூட்டுக்குப் போக வேண்டும்.

0.8 மில்லிமீட்டர் கம்பியில் 10 சென்டிமீட்டர் நறுக்கி, முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளித் தட்டைக் குறட்டால் பிடித்து, குறட்டின் விளிம்புக்கு மேலே சுமார் 2.5 மில்லிமீட்டர் கழுத்து விட்டுச் செங்கோணமாக மடியுங்கள். அந்த இடைவெளி மூன்று சுற்றுகளுக்குச் சரியாக இருக்கும். பிறகு உருண்டைக் குறட்டை மடிப்பில் வைத்து, குறுகிய முனையை மேல்தாடையின் மீது கொண்டுவந்து, குறட்டைத் திருப்பி வைத்துக் கீழ்த்தாடையைச் சுற்றி இழுத்தால், வால் கழுத்துக்குக் குறுக்கே நிற்கும் முழு வட்டம் கிடைக்கும். வட்டத்தைத் தட்டைக் குறட்டால் பட்டையாகப் பிடித்துக்கொண்டு, வாலைக் கழுத்தில் இடைவெளியின்றி மூன்று முறை சுற்றி, மீதியை நறுக்கி, முனையைக் குறட்டால் அழுத்திப் படியவிடுங்கள். வெட்டுக் குறட்டின் தட்டையான பக்கம் நகையை நோக்கி இருந்தால் முனை கூர்மையாக நிற்காது. எப்படியும் விரலால் தடவிப் பார்த்து, உறுத்தினால் அரத்தால் தேயுங்கள்.

செம்பு வளைக்க வளைக்க இறுகும் உலோகம். ஒரே இடத்தை நிமிர்த்தி நிமிர்த்தி மடித்தால் கடைசியில் ஒடிந்துவிடும் என்பதால், கோணிய துண்டைத் திருத்தப் போராடாமல் புதிய துண்டை எடுப்பதே சிக்கனம்.

கொட்டைக்கான கூடு

1 மில்லிமீட்டர் கம்பியில் 35 சென்டிமீட்டர் எடுத்து, இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு வளையம் செய்யுங்கள். ஒரு முனையைக் கீழ்நோக்கியும் மறுமுனையை மேல்நோக்கியும், சுற்றுக்குச் சுற்று சிறிது இடைவெளி விட்டு, நடுப்பகுதி வரை சுருட்டி வாருங்கள். தட்டையாகக் கிடக்கும் ஒவ்வொரு சுருளும் கொட்டையின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். இணைக்கும் இடத்தில் மடித்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, பென்சிலின் மழுங்கிய முனையால் இரு மையங்களையும் வெளிப்புறமாகத் தள்ளினால் இரு கூம்புகளும் சேர்ந்து சிறு கூடாகும். நடுவே இரண்டு சுற்றுகளை விலக்கிக் கொட்டையை நீளவாக்கில் நுழைத்து, சுற்றுகளை மீண்டும் விரலால் நெருக்குங்கள். கொட்டை உள்ளே சற்று அசைந்தால் குறையில்லை. இறுக்கிப் பிடித்தால் வார்னிஷ் உரியும்.

இனி கட்டுக்கண்ணுக்குத் திரும்புங்கள். ஒரு வளையத்தின் வாலைச் சுற்றுவதற்கு முன்பே அதைக் கூட்டின் உச்சி வளையத்தில் கோத்துவிட வேண்டும். அதன் பின் கட்டி, ஒரு பாசிமணி கோத்து, மணிக்கு மேலே இன்னொரு கட்டுக்கண் போட்டால் கயிறு நுழையும் இடம் தயார். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்ட செம்பு தோலில் பச்சையாகப் படியும்; அதனால் கெடுதல் பெரும்பாலும் இல்லை, ஆயினும் காதணிக்கு மட்டும் வெள்ளிக் கொக்கியே நல்லது. கறுத்த கம்பியைக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் தொட்ட துணியால் துடைக்கலாம், கொட்டையில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிறருக்குக் கற்றுக்கொடுக்கும்போது

கோயில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ நான்கு பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருப்பவருக்கு உங்கள் கை இடவலம் மாறித் தெரியும். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் எதிரே அமர்வது உதவும். நறுக்கும் துண்டு கண்ணில் தெறிக்காதபடி அதை விரலால் மூடிக்கொண்டு வெட்டும் பழக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் யாருக்கும் கொட்டையைக் காட்டாதீர்கள் என்பேன்: காட்டினால் மனம் கூட்டின் மேலேயே போய்விடும், கட்டுக்கண் கைக்குப் படியாது. கேபிள் இழைத் துண்டுகளை ஆளுக்குப் பத்து கொடுத்து, ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாகக் கட்டச் சொன்னால், அன்றைக்கே கைச்சங்கிலி ஒன்று அவர்களுடன் வீட்டுக்குப் போகும். வளையங்கள் ஒரே அளவில் வராமல் திணறுபவருக்கு, குறட்டின் முனையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொடுத்து, எப்போதும் அந்தக் கோட்டிலேயே கம்பியை வைத்துச் சுற்றச் சொல்லுங்கள்.